மலைக்காற்றில் உலரும் மிளகும் ஏலமும்: உலர்த்தும் முறையும் மணமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையில், பெரும்பாறை தொடங்கித் தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வரைக்கும் காப்பித் தோட்டங்களின் நிழல்மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. சரிவுகளின் ஈரமான மடிப்புகளில் ஏலமும், வீட்டைச் சுற்றி இஞ்சியும் மஞ்சளும், மேலே கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டும் விளைகின்றன. விளைவிப்பதில் காட்டும் அக்கறையைப் பறித்த பிறகு வரும் பத்து நாட்களில் நாம் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கொடியில் ஏழெட்டு மாதம் சேர்ந்த மணத்தைக் களத்தில் ஒரே வாரத்தில் இழந்துவிடுகிறோம். எங்கள் களத்துக்கு வந்த சிறு விவசாயிகளும், வீட்டுத் தேவைக்காக மொட்டைமாடியில் காயவைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, இயன்றவரை காரணத்தோடு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

காய்ந்த மிளகில் காரம் அப்படியே இருக்கிறது. மணம் மட்டும் குறைகிறது. ஏன்?

காரமும் மணமும் வெவ்வேறு பொருட்களிலிருந்து வருகின்றன. மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரின் எளிதில் ஆவியாகாது. களத்துச் சூட்டில் அதற்குப் பெரிய சேதம் இல்லை. மணத்தைத் தருவது ஆவியாகும் எண்ணெய். உலர்ந்த மிளகில் அது பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான் இருக்கும். அந்தச் சிறிய அளவுக்குள்ளும் பைனீன், சபினீன், லிமோனீன் போன்ற இலேசான கூறுகள் முதலில் பறந்துபோகின்றன. கேரியோஃபிலீன் போன்ற கனமான கூறுகள் பின்தங்கி நிற்கின்றன. அதனால்தான் அளவுக்கு மீறிக் காய்ந்த மிளகை நுணுக்கி முகர்ந்தால், எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் அந்தப் புத்துணர்ச்சியான முனை இல்லாமல், மரத்தூள் போன்ற அடிமணம் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கே பலருக்கு ஓர் ஐயம் எழும். பைனீன் கொதிப்பதற்கு 150 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும் என்றால், 50 டிகிரி வெயிலில் அது எப்படிப் போகும்? மலையில் இருப்பவர்களுக்கு இதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகையைப் பாருங்கள். அந்தத் தைலத்தின் முக்கியக் கூறான சினியோல் 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனாலும் கொப்பரையில் இலையைத் திணித்து நீராவியைச் செலுத்தினால், 100 டிகிரிக்குள்ளேயே அது நீராவியோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. நீர், போகும்போது எண்ணெயையும் கைபிடித்து அழைத்துப் போகிறது. ஈரமான ஏலக்காயை அடைத்த அறையில் கடும் சூட்டில் வைப்பதும் தைலம் காய்ச்சுவது போன்றதுதான். எண்ணெயைப் பிடித்துவைக்கும் குளிர்குழாய் மட்டும் அங்கே இல்லை. ஏலக்காயின் மணத்திலும் அதே சினியோல் பெரும்பங்கு வகிக்கிறது என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

அப்படியானால் சூடு கூடாதா? எத்தனை டிகிரி சரி?

சூடு வேண்டும், ஆனால் உலர்த்தும் வேலையின் பெரும்பகுதியைக் காற்று செய்யவேண்டும். பொருளின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஈரத்தை நகரும் காற்று உடனே எடுத்துச் சென்றால், குறைந்த வெப்பத்திலேயே பொருள் காய்ந்துவிடும். காற்று நகராத இடத்தில் அதே வேகத்தைப் பெற வெப்பத்தைக் கூட்டவேண்டியிருக்கும். கூட்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் எண்ணெயிலிருந்து ஒரு பங்கைக் கொடுக்கவேண்டியிருக்கும்.

இயந்திர உலர்த்தியில் மிளகுக்கு 55 டிகிரியும், ஏலத்துக்கு 45 முதல் 50 டிகிரியும், இலை வகைகளுக்கு 40 டிகிரியும் நான் வைத்துக்கொள்ளும் மேல்வரம்புகள். மிளகை 60 டிகிரி வரை ஏற்றுபவர்கள் உண்டு, நான் ஏற்றுவதில்லை. தொடக்கத்திலேயே கடும் சூட்டைக் கொடுத்தால் இன்னொரு கேடும் நேரும். மேல்தோல் விரைந்து இறுகி ஓடுபோல் ஆகிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். அத்தகைய சரக்கு தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். மூட்டை கட்டிய இருபதாம் நாள் உள்ளிருந்து ஈரம் கசிந்து பூசணம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே முறை பொருந்தாதா?

பொருந்தாது. ஒரு பொருளை எப்படி உலர்த்துவது என்று முடிவுசெய்யுமுன், அதன் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஏலத்தின் எண்ணெய் உள்ளே இருக்கும் விதைகளில் இருக்கிறது. மேல்தோல் அதற்குக் கவசம். இஞ்சியின் எண்ணெய்ப் பைகளில் பெரும்பாலானவை தோலுக்கு நேர்கீழே இருக்கின்றன. ஜாதிக்காயின் எண்ணெய் கெட்டியான ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ரோஸ்மேரி, தைம் போன்ற இலைகளிலோ எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில், விரல் பட்டாலே உடையும் நிலையில் இருக்கிறது. பூண்டில் நாம் அறிந்த மணம் முழுப் பல்லில் உருவாவதே இல்லை. இவை அனைத்தையும் ஒரே தார்ப்பாயில் ஒரே வெயிலில் போடுவது நியாயமில்லை.

மிளகைக் களத்து வெயிலில் காயவைப்பது நல்ல முறைதானா?

நல்ல முறைதான், ஒழுங்காகச் செய்தால். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் ஆரஞ்சு அல்லது சிவப்பாக மாறியதும் பறிக்கவேண்டும். முதிராத சரத்தைப் பறித்தால் எத்தனை கவனமாகக் காயவைத்தாலும் பொக்கு மிளகே மிஞ்சும். லிட்டர் எடை தேறாது. கனத்த மிளகு லிட்டருக்கு 550 கிராம் நிற்கும். வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

பறித்த சரத்தைச் சாக்கில் ஓரிரவு வைத்தால் மணிகள் எளிதாக உதிரும் என்பதால் அப்படி வைக்கும் வழக்கம் உண்டு. ஓரிரவோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். அது சரக்கு புளிக்கத் தொடங்கியதன் அடையாளம்.

பச்சை மிளகில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர். 100 கிலோ பச்சை மிளகு 11 சதவீத ஈரத்துக்கு வரும்போது 33 அல்லது 34 கிலோவாக நிற்கும். ஆக 66 கிலோ நீர் களத்திலிருந்து காற்றில் கலக்கவேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால், ஏன் ஓர் அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பக்கூடாது என்பதும், ஏன் மணிக்கொரு முறையாவது பலகையால் கிளறவேண்டும் என்பதும் விளங்கும். சிமென்ட் களத்தின் மேல் மூங்கில் பாயோ சுத்தமான விரிப்போ போட்டுப் பரப்புவது, வெறும் தரையைவிடவும் சாணம் மெழுகிய தரையைவிடவும் மேலானது. சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் சரக்கில் ஏறும். நல்ல வெயிலில் நான்கு முதல் ஏழு நாட்களில் காய்ந்துவிடும்.

கீழ்மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். காப்பிப் பழமும் மிளகும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் களத்துக்கு வருகின்றன. நம்மில் பலருக்குக் களம் ஒன்றுதான். காப்பி முதலில் இடம்பிடித்துக்கொள்கிறது. மிளகு ஓரத்தில் குவிந்து காத்திருக்கிறது. காப்பிப் பழத்தோல் புளித்த வாடையை அருகிலிருக்கும் ஈர மிளகு வாங்கிக்கொள்ளும். இடமில்லையென்றால், கம்பி வலை அடித்த தட்டுகளை அடுக்கி மிளகை அவற்றுக்கு மாற்றுங்கள். கீழிருந்தும் காற்று போவதால் அவற்றில் இன்னும் சீராகவே காயும்.

கொதிநீரில் முக்கி எடுத்துக் காயவைத்தால் மணம் போய்விடாதா?

ஒரு நிமிடம் முக்குவதால் போகும் மணம் சிறிது. கிடைக்கும் பயன் பெரிது. உதிர்த்த மிளகைத் துளையுள்ள கூடையிலோ வெள்ளைத் துணியிலோ கட்டி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நீரை வடித்துப் பரப்புகிறோம். மேல்தோலின் திசுக்கள் இளகுவதால் ஈரம் விரைவில் வெளியேறுகிறது. காயும் நாட்கள் குறைகின்றன. வெயிலில் கிடக்கும் நேரம் குறைவதால் மொத்தத்தில் எண்ணெய் இழப்பும் குறைகிறது. தூசியும் நுண்ணுயிரும் கழுவப்படுகின்றன. எல்லா மணிகளும் ஒரேபோல் பளபளக்கும் கருமை பெறுகின்றன.

அந்தக் கருமை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மிளகுத் தோலிலுள்ள ஒரு நொதி, அங்கேயே உள்ள ஃபீனால் பொருட்களைக் காற்றோடு வினைபுரியச் செய்கிறது. வாழைக்காயை நறுக்கிவைத்தால் கறுப்பது போன்றதே இது. ஒரு நிமிடச் சூடு செல்களைத் திறந்து, நொதியும் ஃபீனாலும் சந்திக்க வழிசெய்கிறது. அளவுக்கு மீறிக் கொதிக்கவைத்தால் நொதியே செத்துப்போகும். மிளகு கறுக்காமல் பழுப்பாக நின்றுவிடும். எண்ணெயும் நீராவியோடு போகும். பச்சை நிறம் மாறாமல் மிளகை உலர்த்த விரும்புபவர்கள் இதைத் தெரிந்தே நொதியை முழுக்கச் செயலிழக்கச் செய்கிறார்கள்.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உயரம் 300 மீட்டர் கூடும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. 1,300 மீட்டர் உயரமுள்ள ஊரில் நீர் 96 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சமவெளியில் எழுதப்பட்ட குறிப்பில் ஒரு நிமிடம் என்று இருந்தால், இங்கே பத்துப் பதினைந்து விநாடி கூடுதலாக விடுவதில் தவறில்லை. பாத்திரம் சிறிதாக இருந்து, கூடை நிறைய மிளகை ஒரேயடியாக அமிழ்த்தினால் கொதிப்பு அடங்கி, மிளகு வெந்நீரில் ஊறுவதாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவே முக்குங்கள்.

காய்ந்துகொண்டிருக்கும்போது மூடுபனி இறங்கினால் என்ன செய்வது?

பழனி மலையில் மணம் கெடுவதற்கு வெயிலைவிடப் பனியே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதி காய்ந்த பொருள் பஞ்சு போன்றது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுந்தால், பகல் முழுதும் விட்ட நீரை இரவில் திரும்ப இழுத்துக்கொள்ளும். மறுநாள் அதே நீரை மறுபடி போக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த நீர் எண்ணெயில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

ஒரு தை மாதத்தில் நான் கற்ற பாடம் இது. மூன்று நாள் வெயில் கண்ட மிளகு களத்தில் கிடந்தது. மாலையில் மேகம் இறங்கவே, வாரி உள்ளே கொண்டுபோக ஆள் இல்லாமல், தார்ப்பாயை மிளகின்மேலேயே போர்த்திக் கல் வைத்துவிட்டேன். இரண்டு நாள் வெயில் வரவில்லை. மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஓரத்து மணிகளில், காம்பு இருந்த குழியில், சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். மறுபடி நான்கு நாள் காயவைத்தேன். பார்வைக்கு நல்ல கறுப்பாகவே இருந்தது. வத்தலக்குண்டில் வியாபாரி ஒரு பிடி அள்ளி, கையை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் இரண்டு முறை வாயால் சூடாக ஊதி முகர்ந்தார்; ஒன்றும் சொல்லாமல் என் மூக்கருகே கையை நீட்டினார். அடைசல் வாடை. அந்த ஆண்டு மிளகு அந்த வாடைக்கேற்ற விலைக்குத்தான் போனது.

அதன்பின் மாலை நான்கு மணிக்கே, தரை சூடாக இருக்கும்போதே, வாரி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறோம். உயரமாகக் குவிக்காமல் மரப்பலகைமேல் பரப்பி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுகிறோம். வெளியே விட்டே ஆகவேண்டுமென்றால், தார்ப்பாய் சரக்கைத் தொடாதபடி கூரைபோல் உயர்த்திக் கட்டுங்கள்.

பூசணம் வாடையோடு நிற்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூசணங்கள் சிலவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, பிறகு எத்தனை வெயிலில் போட்டாலும் சமைத்தாலும் முழுதாக நீங்காது. மிளகு, இஞ்சி, மஞ்சள், ஜாதிக்காய், மிளகாய் ஆகியவற்றில் அது மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. பூசணம் கண்ட மணிகளைக் கழுவித் துடைத்துச் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். பிரித்து எறிவதுதான் சரி.

சோலார் கூடாரம் போடலாமா?

போடலாம், நம் மலைக்கு மிகவும் ஏற்றது. இரும்புக் குழாய் வளைவுகளின்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, உள்ளே வலைத்தட்டுகள் அமைத்தால், வெளியே 22 டிகிரி இருக்கும் பகலிலும் உள்ளே 40 டிகிரியைத் தொடலாம். பனியும் தூறலும் தூசியும் பறவையும் அண்டாது. ஆனால் சூடு வெளியேறிவிடுமே என்று காற்றுத் திறப்புகளை அடைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடைத்த கூடாரத்தின் உள்சுவரில் காலையில் நீர் வழியும். உச்சிவெயிலில் வெப்பம் 60 டிகிரியைக் கடக்கும். இரண்டுமே மணத்துக்குப் பகை. கீழே காற்று நுழையவும், மேலே ஈரக்காற்று வெளியேறவும் வழி விட்டு, முடிந்தால் ஒரு சிறு வெளியேற்று விசிறி பொருத்துங்கள். ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிடுங்கள். அதைப் பார்த்துத் திறப்பை ஏற்றி இறக்கும் ஒருவர் இருந்தால்தான் கூடாரம் பயன் தரும்.

ஏலக்காயை ஏன் வெயிலில் போடக்கூடாது என்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். வெயில் அதன் பச்சையை வெளுக்கச் செய்யும். காய்வது மெதுவாக நடப்பதால் தோல் வெடித்து விதை காற்றுக்கு ஆட்படும். தோல் வெடிக்காமல் இருப்பது அழகுக்காக மட்டும் என்று எண்ணவேண்டாம். விதையிலுள்ள மணக்கூறுகளான சினியோலையும் டெர்பினைல் அசிடேட்டையும் மாதக்கணக்கில் காப்பது அந்தத் தோல்தான்.

ஏலம் பறிக்கும் மாதங்களில் பெரும்பகுதி மழைக்காலம் என்பதால், சூட்டறை கொண்ட ஸ்டோரில்தான் அதை உலர்த்தவேண்டும். பச்சை ஏலத்தில் 80 சதவீதம் நீர். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ அளவே உலர்காய் தேறும். பறித்த அன்றே கழுவி, விரும்பினால் 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிக்கலாம். காய் சூடாகும்போது அதனுள்ளிருக்கும் அமிலம் பச்சையத்தைச் சிதைத்துப் பழுப்பாக்குகிறது; சோடாவின் காரத்தன்மை அதைத் தணிக்கிறது. பிறகு வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 45 முதல் 50 டிகிரிக்குள் வைத்து, ஏறக்குறைய ஒரு பகலும் ஓரிரவும் உலர்த்துவார்கள்.

முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. அப்போதுதான் காய் மிகுதியாக நீரை விடுகிறது. மேல் சாளரங்களைத் திறந்துவைத்து அந்த ஈரக்காற்றை வெளியேற்றவேண்டும். விறகைச் சிக்கனம் செய்யச் சாளரத்தை மூடினால் காய் அதன் ஆவியிலேயே வெந்துபோகிறது. ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஏல மணம் குப்பென்று மூக்கைத் தாக்கினால் மகிழ்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அது கவலைப்படவேண்டிய மணம். விதைக்குள் இருக்கவேண்டியது அறைக்குள் வந்துவிட்டது. இறுதியில் வெப்பத்தைச் சற்று ஏற்றி, சூடாறுமுன் சாக்குத் துணிமேலோ வலைமேலோ தேய்த்துக் காம்பையும் பூமுனையையும் நீக்குவது வழக்கம். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல விற்பனையில் நிறமும் பருமனும் பார்த்தே விலை ஏறுகிறது; நல்ல நிறத்தைக் காப்பாற்றும் அதே மிதமான சூடு மணத்தையும் காப்பாற்றிவிடுகிறது என்பது நமக்கு ஆறுதல்.

விறகுப் புகை பட்டால் கேடா?

மிளகுக்கும் ஏலத்துக்கும் கேடுதான். எண்ணெய் புகை வாடையைப் பற்றிக்கொண்டால் விடாது. அடுப்புச் சூடு குழாய் வழியாக அறையைச் சூடாக்கவேண்டும். புகை தனியே புகைபோக்கியில் போகவேண்டும். குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பருவம் தொடங்குமுன் பார்த்துவிடுங்கள்.

இஞ்சியைச் சுக்காக்கும்போது சுவை மாறுகிறதே, அது இழப்பா?

அதை இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்ஜரால், சூட்டிலும் உலர்தலிலும் ஒரு பங்கு நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் ஜிஞ்ஜராலைவிடக் காரமானது. சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்போது உணரும் அந்தத் தனிச் சூடு, பச்சை இஞ்சித் தேநீரில் கிடைக்காததற்கு இதுவே காரணம். ‘சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை’ என்று சொன்ன முன்னோர் இஞ்சியையும் சுக்கையும் இரு வேறு சரக்காகவே வைத்திருந்தார்கள்.

மணம் இழப்பது வேறிடத்தில்: தோல் சீவும்போது. எண்ணெய்ப் பைகள் தோலுக்கு நேர்கீழே இருப்பதால், கத்தியால் அழுந்தச் சீவினால் அவை தோலோடு போய்விடும். மூங்கில் சிம்பாலோ கரண்டி விளிம்பாலோ மெல்லிய மேல்தோலை மட்டும் சுரண்டுங்கள். முழுக் கிழங்கு காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வில்லையாக நறுக்கினால் விரைவில் காயும். ஆனால் வெட்டுமுகம் அதிகமாவதால் எண்ணெய் கூடுதலாக இழக்கும். வீட்டுக்குக் கொஞ்சமாகச் செய்பவர்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காயவைப்பது நல்ல நடுவழி.

கிராம்பும் ஜாதிக்காயும்?

கிராம்பு மொட்டு விரியுமுன், இளஞ்சிவப்பு ஏறும்போது பறித்து அன்றே பரப்பிவிடவேண்டும். குவித்துவைத்தால் புளித்து வெளிறிச் சுருங்கும். நான்கைந்து நாள் வெயிலில் எடை மூன்றில் ஒன்றாகிவிடும். அதன் எண்ணெய் மிகுதி. பெரும்பகுதி யூஜெனால் என்னும் கனமான பொருள். அதனால் மிளகைவிட வெயிலைத் தாங்கும். நன்றாகக் காய்ந்த கிராம்பின் தலையை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிவது தெரியும்.

ஜாதிக்காயை ஓட்டோடு, மிதமான சூட்டில், குலுக்கினால் உள்ளே கொட்டை கடகடவென்று ஆடும் வரை காயவையுங்கள். 45 டிகிரிக்கு மேல் போனால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகத் தொடங்கும். ஓட்டின்மேல் படர்ந்திருக்கும் பத்திரியை நிழலில் அல்லது கூடாரத்தில் காயவைத்தால் செந்நிறம் நிற்கும்.

ரோஸ்மேரி, தைம், கறிவேப்பிலை போன்ற இலைகளை எப்படி உலர்த்துவது?

நிழலில், காற்றோட்டத்தில், தொங்கவிட்டு. கொடைக்கானல் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ரோஸ்மேரி வைத்திருப்பவர்கள் கிளையோடு சிறு கட்டுகளாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். காய்ந்த பிறகே இலையை உருவவேண்டும். பச்சையில் உருவினால் விரலில் ஒட்டும் அந்தப் பிசுக்குதான் நீங்கள் இழக்கும் எண்ணெய். கறிவேப்பிலையும் அப்படியே, வெயிலில் போட்டால் நிறமும் மணமும் சேர்ந்து போகும்.

மலைப்பூண்டை உலர்த்தித் தூளாக்கினால் மணம் நிற்குமா?

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே தனிக்கவனத்துக்கு உரியது. பூண்டின் மணம் நறுக்கும்போதுதான் பிறக்கிறது. அல்லின் என்னும் பொருளும் அலினேஸ் என்னும் நொதியும் முழுப் பல்லில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டுப்பட்டதும் கலந்து அலிசினைத் தருகின்றன. ஆகவே தூள் செய்பவர் காக்கவேண்டியது அந்த நொதியை. 60 டிகிரிக்கு மேல் அது வேகமாகச் செயலிழக்கும்; 50 டிகிரிக்குள் உலர்த்திய வில்லையின் தூளை நீரில் குழைத்தால் பூண்டு வாடை மீண்டும் எழும். வறுபட்டுவிட்ட தூளில் அது எழாது.

முழுப்பூண்டைத் தாளோடு கட்டி, புகை படும் இடத்தில் தொங்கவிடும் மலை வழக்கம் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பல் காய்வதில்லை. மேல்தோலும் கழுத்தும் மட்டும் காய்ந்து உள்ளீரத்தைக் காக்கின்றன. மிளகுக்குக் கேடாகும் புகை, பூண்டுக்குக் காவலாக இருக்கிறது.

உறைநிலை உலர்த்தல், மைக்ரோவேவ் இவையெல்லாம் நமக்குப் பயன்படுமா?

உறைநிலை உலர்த்தலில் பொருளை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்குகிறார்கள். வடிவமும் பச்சை நிறமும் வியக்கத்தக்க அளவில் நிற்கும். பச்சை மிளகுக்கும் மென்மையான இலைகளுக்கும் உகந்தது. இயந்திரத்தின் விலையும் மின்செலவும் சிறு விவசாயிக்கு எட்டாதவை. மைக்ரோவேவில் வீட்டளவுக்குக் கொஞ்சம் இலையை உலர்த்தலாம். முழு மிளகையும் ஏலத்தையும் அதில் வைக்காதீர்கள். உள்ளிருந்து நீராவி எழுந்து வெடிக்கும்.

போதுமான அளவு காய்ந்துவிட்டது என்று கருவி இல்லாமல் எப்படி அறிவது?

பச்சையாக இருக்கும்போதே ஒரு கிலோவை எடைபோட்டு, வலைப்பையில் கட்டி, மற்ற சரக்கோடு சேர்த்தே காயவையுங்கள். மாலைதோறும் எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நல்ல வெயில் நாட்களில் எடை குறையாமல் நின்றால் இனிக் காயவைப்பது வீண். அதன்பின் போவதில் பெரும்பங்கு எண்ணெய். மிளகைப் பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் பட்டென்று உடையவேண்டும். கிராம்பின் காம்பு வளையாமல் முறியவேண்டும். வாய்ப்பிருந்தால் ஈரமானியில் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்; மிளகுக்கு 11 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். விற்பனையில் எடை நிற்கட்டும் என்று 14, 15 சதவீதத்தில் நிறுத்துவது, வாங்குபவரின் சமையலறையில் பூசணத்தை விதைப்பதாகும்.

காய்ந்ததும் உடனே மூட்டை கட்டலாமா?

கூடாது. வெயிலிலிருந்து வாரிய சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள் வியர்க்கும். ஓரிரவு வீட்டுக்குள் ஆறவிட்டு, மறுநாள் காற்று வறண்டிருக்கும் நேரத்தில், உள்ளே பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, சுவரைத் தொடாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். சாக்கு மட்டும் போதும் என்று மலையில் நம்பவேண்டாம். மழைக்காலம் முழுதும் அது காற்றின் ஈரத்தை உள்ளே அழைத்துக்கொண்டே இருக்கும்.

மணம் குறைந்த பழைய மிளகை மறுபடி வெயிலில் போட்டால் மணம் திரும்புமா?

திரும்பாது. ஈரம் ஏறியிருந்தால் ஈரத்தைப் போக்கலாம். போன எண்ணெய் போனதுதான். வெயிலில் போட்ட அன்று களத்தில் எழும் வாசனையைக் கண்டு பலர் மிளகு உயிர்பெற்றதாக நினைக்கிறார்கள். மிச்சமிருந்ததும் வெளியேறும் வாசனை அது. அப்படிப்பட்ட மிளகில் பைபரின் குறையாமல் இருக்கும். காரத்துக்காக ரசத்திலும் கஷாயத்திலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பொங்கலுக்குத் தாளிக்க அந்தந்த ஆண்டின் புது மிளகை எடுத்துக்கொள்ளுங்கள்.